அரசியல் அறிவியல், பன்னாட்டு உறவுகள் படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடித்து பி.ஏ. சேர நினைப்பவர்கள், வேறு பட்டம் வாங்கிவிட்டு எம்.ஏ.வுக்கு இந்தத் துறைக்கு வர விரும்புகிறவர்கள், "இதைப் படித்தால் என்ன கிடைக்கும்?" என்று கவலைப்படும் பெற்றோர் ஆகிய மூவரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

தினமும் செய்தித்தாள் படிக்கிறேன், அரசியல் பேசப் பிடிக்கும். இந்தப் படிப்புக்கு அது போதுமா?

தொடங்குவதற்குப் போதும். வகுப்பில் கேட்கப்படுவது வேறு கேள்வி: இது ஏன் நடந்தது, உங்கள் விளக்கம் தவறு என்றால் அதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

ஓர் உதாரணம். 2012 மார்ச் 22 அன்று ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கை குறித்து அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. ஆதரவு 24, எதிர்ப்பு 15, நடுநிலை 8. தனி ஒரு நாட்டைக் குறிவைக்கும் தீர்மானங்களைப் பொதுவாக விரும்பாத இந்தியா ஏன் அப்படிச் செய்தது? "தமிழ்நாட்டின் அழுத்தம், கூட்டணியில் தி.மு.க. இருந்தது" என்பது டீக்கடையிலும் சொல்லப்படும் விடை. அது நல்ல விடையும்கூட. 2013 மார்ச்சில் தி.மு.க. மத்தியக் கூட்டணியிலிருந்து விலகிய இரண்டு நாளில் நடந்த வாக்கெடுப்பிலும் இந்தியா ஆதரித்தது. ஆனால் 2014 மார்ச்சில், மக்களவைத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, இந்தியா நடுநிலை வகித்தது. 2021 மார்ச்சில், தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதும் நடுநிலைதான். உள்ளூர் அழுத்தமே காரணம் என்றால் தேர்தல் நேரத்தில் அது கூடியிருக்க வேண்டும் அல்லவா? இங்கே மற்ற விளக்கங்கள் வரிசையில் வருகின்றன: 2014 தீர்மானம் சர்வதேச விசாரணை கேட்டது, அதை இந்தியா தன் கொள்கைக்கு ஒவ்வாததாகக் கண்டது, கொழும்பில் சீனாவின் இடம் வளர்ந்துகொண்டிருந்தது, கூட்டணி உடைந்த பிறகு தி.மு.க.வின் பிடி போய்விட்டது. எது எவ்வளவு பொருந்துகிறது என்று வாக்குப் பதிவு, இந்தியப் பிரதிநிதியின் விளக்க உரை, நாடாளுமன்ற விவாதம் ஆகியவற்றை வைத்துச் சோதிப்பதுதான் இந்தப் படிப்பு. இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கும் என்றால் தயங்காமல் சேருங்கள். தன் கட்சியின் நிலைப்பாட்டுக்கு ஆதாரம் தேடுவது மட்டும்தான் பிடிக்கும் என்றால் மூன்று வருடமும் சிரமமாக இருக்கும்.

அரசியல் அறிவியல், பன்னாட்டு உறவுகள், பொது நிர்வாகம், பாதுகாப்பு ஆய்வுகள் என்று நாலு பெயர் இருக்கிறதே, எதைத் தேர்ந்தெடுப்பது?

பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். பாடத்திட்டத்தை இறக்கி, ஒவ்வொரு செமஸ்டரிலும் உள்ள பேப்பர்களை எண்ணுங்கள்.

அரசியல் அறிவியலில் அரசியல் கோட்பாடு, இந்திய அரசியல், ஒப்பீட்டு அரசியல், பன்னாட்டு உறவுகள் என நான்கு தூண்கள். பன்னாட்டு உறவுகள் என்று தனிப் பட்டம் எடுத்தால் நான்காவது தூண் பெரிதாகும்: வெளியுறவுக் கொள்கை, சர்வதேசச் சட்டம், சர்வதேச அரசியல் பொருளாதாரம், வட்டார ஆய்வுகள். பொது நிர்வாகம் அரசு இயந்திரத்துக்குள் நுழைகிறது: பட்ஜெட், பணியாளர், உள்ளாட்சி. பாதுகாப்பு ஆய்வுகள் போர், அணு ஆயுதம், எல்லை, கடல் பாதுகாப்பு என்று போகும்.

எங்கள் கருத்து: பி.ஏ.வில் அரசியல் அறிவியலை அகலமாகப் படியுங்கள், எம்.ஏ.வில் பன்னாட்டு உறவுகளுக்குப் போங்கள். அரசு என்றால் என்ன, கட்சிகள் எப்படி இயங்குகின்றன என்று தெரியாமல் வெளியுறவுக் கொள்கையை மட்டும் படித்தவர்கள் நாடுகளைச் சதுரங்கக் காய்களாகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். மேலே சொன்ன ஜெனீவா வாக்கைக் கூட்டணி அரசியல் தெரியாதவரால் விளக்கவே முடியாது.

இன்னொன்றும் பாருங்கள். பாடத்திட்டத்தில் "ஆய்வு முறையியல்" என்ற பேப்பர் இருக்கிறதா, கடைசி செமஸ்டரில் ஆய்வுக் கட்டுரை உண்டா? இரண்டும் இல்லாத எம்.ஏ. பட்டம் பிஎச்.டி.க்குப் போகும்போது இடறும்.

எங்கே படிக்கலாம்?

சென்னையில் மாநிலக் கல்லூரி, சென்னைக் கிறித்துவக் கல்லூரி போன்றவற்றில் அரசியல் அறிவியல் நீண்ட காலமாக நடக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் மற்றும் பொது நிர்வாகத் துறை, பாதுகாப்பு மற்றும் போர்த்திற ஆய்வுத் துறை, தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வு மையம் ஆகியவை உண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் அரசியல் மற்றும் பன்னாட்டு ஆய்வுகள் துறை இருக்கிறது. பக்கத்தில் கேரளத்தில், கோட்டயத்து மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்திலும் காசர்கோட்டில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகத்திலும் பன்னாட்டு உறவுகளுக்குத் தனித் துறைகள் உள்ளன.

டெல்லியில் ஜே.என்.யு.வின் (ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) பன்னாட்டு ஆய்வுகள் பள்ளி 1955இல் தனி நிறுவனமாகத் தொடங்கி 1970இல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: ஜே.என்.யு.வில் அரசியல் அறிவியலில் பி.ஏ. கிடையாது, எம்.ஏ.வுக்குத்தான் போக முடியும். பி.ஏ.வுக்கு டெல்லி போக நினைத்தால் டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளைப் பாருங்கள். கொல்கத்தாவில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு உறவுகள் துறை பழமையானது. சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பின் நாடுகள் சேர்ந்து டெல்லியில் 2010 முதல் நடத்தும் தெற்காசியப் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு உறவுகளில் எம்.ஏ. உண்டு; அதற்கு நுழைவுத் தேர்வு தனி. இலங்கை, நேபாள மாணவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தெற்காசிய அரசியலைப் படிப்பது வேறெங்கும் எளிதில் கிடைக்காத அனுபவம்.

தனியார் பல்கலைக்கழகங்களிலும் நல்ல துறைகள் உள்ளன. கட்டணம் பல மடங்கு. கடன் வாங்கிச் சேர்வதற்கு முன் உதவித்தொகை எத்தனை சதவீதம், எத்தனை வருடத்துக்கு, மதிப்பெண் குறைந்தால் நிற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கியூட் தேர்வுக்கு எப்படித் தயாராவது?

தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளுக்கு இது தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண் போதும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குத்தான் 2022 முதல் இந்தப் பொது நுழைவுத் தேர்வு. இளநிலைத் தேர்வில் ஒரு பாடத்துக்கு 50 கேள்விகள், 60 நிமிடம், சரியான விடைக்கு 5, தவறுக்கு மைனஸ் 1 என்பது 2025இல் இருந்த முறை. அதிகபட்சம் ஐந்து பாடங்கள். தமிழிலும் எழுதலாம். விதிகள் ஆண்டுதோறும் மாறியிருக்கின்றன, ஆகவே அந்த வருட அறிவிக்கையை முழுதாகப் படித்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

நம் மாணவர்கள் தடுக்குவது இரண்டு இடங்களில். முதலாவது, அரசியல் அறிவியல் பாடத்துக்குக் கேள்விகள் என்.சி.இ.ஆர்.டி.யின் (சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் படிக்கும் தேசியப் பாடநூல்கள்) பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்திட்டத்தை ஒட்டி வருகின்றன: பனிப்போருக்குப் பிந்தைய உலகம் ஒரு பாதி, சுதந்திர இந்தியாவின் அரசியல் மறு பாதி. தமிழ்நாட்டுப் பாடநூலை மட்டும் படித்தால் பாதி கேள்விகள் அந்நியமாக இருக்கும். இரண்டாவது, பாடத் தேர்வு. நீங்கள் சேர விரும்பும் படிப்புக்கு எந்தெந்தப் பாடங்களை எழுதியிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனியாகச் சொல்கிறது. மொழிப் பாடத்தை விட்டுவிட்டதால் நல்ல மதிப்பெண் இருந்தும் விண்ணப்பமே செல்லாமல் போகும்.

தமிழ் வழியில் படித்தேன். சமாளிக்க முடியுமா?

முடியும். ஆனால் முதல் வருடத்திலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அருகருகே வைத்து, சொல்லை மட்டும் மாற்றாமல் பொருளையும் ஒப்பிட்டுப் புரிந்துகொள்வது. ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், பாடத்தில் அதன் பொருள், அன்றாடத்தில் அதன் பொருள். நான்காவது பத்திதான் முக்கியம்.

'ஸ்டேட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது உடனே மாநிலம். பன்னாட்டு உறவுகளில் அது நிலப்பரப்பு, மக்கள், அரசாங்கம், இறையாண்மை உள்ள அமைப்பு, தமிழில் 'அரசு'. அந்த அரசை ஒரு காலகட்டத்தில் நடத்துகிறவர்கள் 'அரசாங்கம்'. அரசாங்கம் தேர்தலில் மாறும். அரசு கையெழுத்திட்ட ஒப்பந்தம் அப்படியே நிற்கும். பேச்சுத் தமிழில் இரண்டையும் 'அரசு' என்றே சொல்லிவிடுகிறோம். தேர்வுத்தாளில் இந்தக் குழப்பம் வந்தால் விடை முழுவதும் சரிந்துவிடும். 'தேசம்' இன்னும் வேறு: தங்களை ஒரே மக்களாக உணரும் கூட்டம், அதற்குத் தனி அரசு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஈழப் பிரச்சினையையோ குர்து மக்களின் நிலையையோ இந்த வேறுபாடு இல்லாமல் பேச முடியாது.

அதைவிட மோசமாகத் திசைதிருப்பும் சொல் 'அனார்க்கி'. அகராதி பார்த்து 'அராஜகம்' என்று எழுதிவிடுகிறார்கள். அராஜகம் என்றால் நம் காதில் அடிதடி, சட்டம் ஒழுங்கு கெட்ட நிலை. பன்னாட்டு உறவுக் கோட்பாட்டில் அதன் பொருள், நாடுகளுக்கு மேலே கட்டளையிடும் அதிகாரம் யாருக்கும் இல்லை என்பது மட்டுமே. அந்த நிலையில் அமைதியும் இருக்கலாம், வணிகமும் நடக்கலாம். 'மேலதிகாரமின்மை' என்று எழுதினால் பாதிக் கோட்பாடு தானாகப் புரியும். அதேபோல 'பவர்' என்பதை எல்லா இடத்திலும் 'அதிகாரம்' என்று போடாதீர்கள். ஒரு நாட்டின் படையும் பொருளாதாரமும் 'வலிமை'; ஒருவர் சொல்லை மற்றவர் கேட்க வைப்பது 'செல்வாக்கு'; சட்டம் தந்தது 'அதிகாரம்'. ஆங்கிலம் ஒரே சொல்லில் மறைத்துவிடும் வேறுபாடுகளைத் தமிழ் காட்டிக் கொடுக்கிறது. தமிழ் வழியில் வந்தவர்களுக்கு இது உண்மையான அனுகூலம்.

இலங்கை நூல்களைப் படிக்கும்போது சொற்கள் மாறும்: அங்கே 'அரசறிவியல்', கூட்டாட்சிக்குச் 'சமஷ்டி', அரசமைப்புக்கு 'அரசியல் யாப்பு' என்றும் பார்ப்பீர்கள்.

கோட்பாடு எதற்கு? நேரே உக்ரைன், சீனா என்று படித்தால் என்ன?

கோட்பாடு இல்லாவிட்டால் எந்தத் தகவல் முக்கியம் என்றே தெரியாது. யதார்த்தவாதி ஒருவர் படைபலக் கணக்கைத் தேடுவார். தாராளவாதி வணிகம், அமைப்புகள், உள்நாட்டு ஆட்சிமுறை ஆகியவற்றைப் பார்ப்பார். கட்டமைப்புவாதி (கன்ஸ்ட்ரக்டிவிஸ்ட்) அந்த நாடு தன்னை யாராக நினைக்கிறது என்று கேட்பார். மார்க்சியர் மூலதனம் யாரிடம் என்று கேட்பார்.

படிக்கும் முறை: ஒரே நிகழ்வை எடுத்து, ஒவ்வொரு கோட்பாட்டின் வழியாகவும் ஐந்து வரி எழுதுங்கள். ஆறாவது வரியில், இந்தக் கோட்பாட்டால் விளக்க முடியாமல் மிஞ்சுவது எது என்று எழுதுங்கள். 1962 அக்டோபர் கியூபா ஏவுகணை நெருக்கடி இதற்கு நல்ல பயிற்சி: தனிமனிதர், அரசாங்கத்துக்குள் இருந்த போட்டி, அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய இரு வல்லரசுகளின் அணுவலிமை என்று மூன்று மட்டத்திலும் ஆவணங்கள் கிடைக்கின்றன.

வாரத்துக்கு நூறு பக்கம் படிக்கச் சொல்கிறார்கள். எப்படி முடிப்பது?

முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே வேகத்தில் படித்தால் முடியாது. 25 பக்க ஆய்வுக் கட்டுரைக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பதினைந்து நிமிடம் சுருக்கம், முன்னுரை, முடிவுரை மட்டும். புத்தகத்தை மூடிவிட்டு அதன் வாதத்தை இரண்டு வாக்கியத்தில் சொந்தமாக எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் முன்னுரைக்கே திரும்புங்கள், மேலே போகாதீர்கள். அடுத்து ஒரு மணி நேரம் நடுப்பகுதி: ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியம், அட்டவணைகள், வாதத்தைத் தாங்கும் ஆதாரம். கடைசிப் பதினைந்து நிமிடம் குறிப்பு: என்ன வாதம், யாருக்கு எதிராக, என்ன ஆதாரம், எங்கே பலவீனம். ஒரு கட்டுரைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் குறிப்பு எடுக்காதீர்கள். எல்லாவற்றையும் மஞ்சள் பூசினால் தேர்வுக்கு முன் எல்லாவற்றையும் திரும்பப் படிக்க வேண்டிவரும்.

நன்றாகப் படித்தும் கட்டுரையில் மதிப்பெண் வருவதில்லை. ஏன்?

பெரும்பாலும் கேள்விக்குப் பதில் இல்லாததால். "அணிசேராமை (வல்லரசு அணி எதிலும் சேராத கொள்கை) இன்றும் பொருந்துமா?" என்று கேட்டால் 1955 பாண்டுங் மாநாடு, 1961 பெல்கிரேடு மாநாடு என்று வரலாற்றை ஒப்பித்துவிட்டு, கடைசி வரியில் "ஆகவே பொருந்தும்" என்று முடிக்கிறார்கள். பொருந்தும் அல்லது பொருந்தாது என்பது முதல் பத்தியிலேயே வர வேண்டும், காரணத்தோடு. மீதிப் பக்கங்கள் அந்தக் காரணத்தை நிரூபிக்க.

2,000 சொல் அசைன்மென்ட்டுக்கு ஒரு கணக்கு: முன்னுரை 200, அதற்குள் உங்கள் விடையும். மூன்று வாதங்கள், ஒவ்வொன்றும் 400. எதிர்வாதமும் அதற்கு உங்கள் மறுப்பும் 400. முடிவு 200. எதிர்வாதத்தைப் பலமான வடிவில் வையுங்கள். பொம்மையை நிறுத்தி அடித்தால் திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

"ஐ.நா. உடனே தலையிட வேண்டும்" என்ற வகை அறிவுரைகளுக்கு மதிப்பெண் கிடையாது. யார், எந்த விதியின்கீழ், யாருடைய வீட்டோவை (தடுப்பு வாக்கு) தாண்டி என்று சொல்ல முடிந்தால் மட்டும் எழுதுங்கள். செமஸ்டர் தேர்வில் ஆண்டைத் தப்பாக எழுதுவதைவிட ஆண்டே எழுதாமல் விடுவது மேல்.

திருக்குறளையும் அர்த்தசாஸ்திரத்தையும் மேற்கோள் காட்டலாமா?

காட்டலாம், அலங்காரமாக அல்ல. பொருட்பாலின் 70 அதிகாரங்களில் தூது, ஒற்றாடல், வலியறிதல் என்று இந்தத் துறைக்கு நேரடியாகத் தொடர்புள்ளவை இருக்கின்றன. வலியறிதலின் முதல் குறள் செயலின் வலி, தன் வலி, பகைவன் வலி, துணையின் வலி என நான்கைக் கணக்கிடச் சொல்கிறது. வலிமையை எப்படி அளப்பது என்ற கட்டுரையில் அதற்கு இடம் உண்டு. ஆனால் "வள்ளுவர் அன்றே யதார்த்தவாதத்தைச் சொல்லிவிட்டார்" என்று எழுதினால் குறளுக்கும் நியாயமில்லை, கோட்பாட்டுக்கும் நியாயமில்லை. எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று இரண்டையும் காட்டுங்கள்.

கணக்கு தேவையா?

பி.ஏ.வுக்குத் தேவையில்லை. எம்.ஏ.வில் சராசரி, திட்டவிலக்கம், தொடர்புக் கெழு, பின்னடைவுப் பகுப்பாய்வு வரை தெரிந்தால் பாதி ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்க முடியும். 'ஆர்' என்ற இலவச மென்பொருளில் ஐ.நா. பொதுச் சபை வாக்குகளையோ ஒரு தொகுதியின் தேர்தல் முடிவுகளையோ வைத்துப் பழகுங்கள்.

வெளிநாட்டு மொழி எது கற்கலாம்?

வட்டாரத்தை முடிவு செய்துவிட்டு மொழியைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கிலம் பேசும் தூதரக அலுவலர்களுக்கு அமெரிக்க வெளியுறவுப் பயிற்சி நிறுவனம் வைக்கும் கணக்குப்படி சீனம், அரபு, ஜப்பானியம், கொரியம் ஆகியவற்றுக்குச் சுமார் 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும். பிரெஞ்சு, ஸ்பானியத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான். வாரம் நான்கு மணி நேரம் ஒதுக்கும் மாணவர் சீனத்தை எப்போது முடிப்பார் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். தெற்காசியாவில் ஆர்வம் உள்ள தமிழ் மாணவருக்கு எங்கள் பரிந்துரை சிங்களம். இலங்கை நாடாளுமன்ற விவாதப் பதிவான ஹன்சார்டில் உறுப்பினர்கள் பேசிய மொழியிலேயே உரை அச்சாகிறது. தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்தவர் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காமல் முழு விவாதத்தையும் படிக்கலாம்.

யுபிஎஸ்சிக்கு இது உதவுமா?

உதவும், ஆனால் அதற்காக மட்டும் இதைப் படிக்காதீர்கள். எந்தப் பட்டம் பெற்றவரும் எழுதலாம். விருப்பப் பாடமாக 'அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும்' எடுத்தால் இரண்டு தாள், தலா 250 மதிப்பெண். முதல் தாள் கோட்பாடும் இந்திய அரசியலும். இரண்டாவது ஒப்பீட்டு அரசியல், பன்னாட்டு உறவுகள், இந்தியாவும் உலகமும். பொதுப் பாடத் தாள்களோடும் நிறையப் பொருந்தும். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், ஆனால் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் அச்சாகும். இந்திய வெளியுறவுப் பணிக்கும் இதே தேர்வுதான்.

வேறு என்ன வேலை?

கல்லூரி ஆசிரியர் வேலைக்கு எம்.ஏ.வில் 55 சதவீதமும் நெட் (தேசிய அளவிலான ஆசிரியர் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநில அளவிலானது) தேர்ச்சியும் அடிப்படை. நெட் தேர்வில் முதல் தாள் 50 கேள்வி, இரண்டாவது 100 கேள்வி, மொத்தம் 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தவறுக்குக் கழிவு இல்லை. ஆகவே ஒரு கேள்வியையும் விடாதீர்கள். ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் (2023 முதல் உள்ள விகிதம்). பன்னாட்டு உறவுகள் எம்.ஏ. படித்தவர்கள் 'அரசியல் அறிவியல்' தாளா, 'பன்னாட்டு மற்றும் வட்டார ஆய்வுகள்' தாளா என்பதை விண்ணப்பிக்கும் முன் யோசியுங்கள். கல்லூரிப் பணியிடங்கள் பெரும்பாலும் அரசியல் அறிவியல் பெயரில்தான் வருகின்றன.

பத்திரிகை, ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், தேர்தல் ஆலோசனை நிறுவனங்கள், பெருநிறுவனங்களின் அரசுத் தொடர்புப் பிரிவு ஆகியவையும் உண்டு. அங்கே பட்டத்தைவிட நீங்கள் எழுதிய இரண்டு நல்ல கட்டுரைகள் பேசும்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாமா?

இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) அரசியல் அறிவியல் எம்.ஏ. உண்டு, ஆங்கிலம் அல்லது இந்தியில். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். அசைன்மென்ட்டைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவதால்தான் பெரும்பாலானவர்களுக்குப் பட்டம் தள்ளிப்போகிறது.

இலங்கை மாணவர்களுக்கு?

உயர்தரத்தில் கலைப் பிரிவு, இசட் புள்ளி (பாடங்களுக்கிடையே ஒப்பிடத் தரப்படுத்திய மதிப்பெண்) வழியாக அனுமதி. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகளுக்குத் தனித் துறை இருக்கிறது. பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் அரசறிவியல் உண்டு.

எம்.ஏ. ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு எப்படிப் பிடிப்பது?

"இந்திய - இலங்கை உறவுகள்" தலைப்பு அல்ல, நூலக அலமாரியின் பெயர். அதைக் காலம், இடம், ஆவணம் என்ற மூன்றாலும் சுருக்குங்கள். "கச்சத்தீவு ஒப்பந்தம் குறித்து 1974 ஜூலை மக்களவை விவாதத்தில் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் முன்வைத்த வாதங்கள்" என்றால் ஆறு மாதத்தில் முடியும்: ஒப்பந்தத்தின் வாசகம் வெளியுறவு அமைச்சகத் தளத்தில் இருக்கிறது, விவாதம் நாடாளுமன்ற மின்னூலகத்தில் இருக்கிறது. 1974, 1976 ஆகிய இரு உடன்பாடுகளையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முதலாவது பாக் நீரிணை பற்றியது, இரண்டாவது மன்னார் வளைகுடாவும் வங்காள விரிகுடாவும். மேடைப் பேச்சுகளில் இரண்டும் கலந்துவிடுகின்றன, ஆய்வில் கலக்கக் கூடாது.

தமிழ் ஆவணங்களுக்குச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். இலங்கைத் தமிழ் இதழ்களுக்கும் துண்டறிக்கைகளுக்கும் நூலகம் என்ற இணைய ஆவணகம். ஆவணக் காப்பகத்துக்குப் போகும்போது துறைத் தலைவரின் அறிமுகக் கடிதமும் அடையாள அட்டையும் கொண்டுபோங்கள், கோப்பு எண்களை முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள். பார்த்த ஒவ்வொரு தாளுக்கும் கோப்பு எண், தேதி, பக்கம் மூன்றையும் அங்கேயே எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று விட்டால், சமர்ப்பிக்கும் வாரத்தில் ஒரே ஒரு அடிக்குறிப்புக்காக மீண்டும் எழும்பூருக்கு ரயில் ஏற வேண்டியிருக்கும்.